பதினேழாம் எண் கட்டுரை

அத்தியாயம் 7

அனைரின் ப்ரோபர்ட்டின் வரவேற்பறையில் நாற்காலிகள் இருந்தன. உட்காரத்தான் இடமில்லை. ஒன்றில் காகிதக் கட்டுகள், இன்னொன்றில் இசைத்தட்டுகள், சோபா முழுக்க அச்சகத்திலிருந்து வந்த மெய்ப்புகள். சுவரில் ஆளுயரப் படம் ஒன்று. கம்பளித் தொப்பியும் மணப்பெண்ணின் வெள்ளை கவுனும் அணிந்த ஓர் இளைஞன், உடம்பெல்லாம் நீலப் பெயின்ட் அடித்த பசுவின்மேல் உட்கார்ந்திருந்தான். படத்துக்குக் கீழே அவன் பிறந்த வருடமும் இறந்த வருடமும் பித்தளைத் தகட்டில் பொறிக்கப்பட்டிருந்தன.

"அந்தப் பசு இருக்கா சார்?" என்று கேட்டான் பெப்.

"எந்தப் பசு?"

"பாட்டுக்காரர் போயிட்டார்னு தகடு அடிச்சிருக்கீங்க. பசுவைப் பத்தி ஒண்ணும் போடலையே."

ப்ரோபர்ட் அவனை மேலும் கீழும் பார்த்தார். லாண்டிசுல் பள்ளியில் முப்பது வருடம் புவியியல் நடத்திய மனிதர். எவனும் தனக்குச் சரியான விடை சொன்னதே இல்லை என்கிற சலிப்பு அவர் முகத்தில் நிரந்தரமாகத் தங்கிவிட்டிருந்தது.

"இவன் என் உதவியாளர்," என்றாள் தெக்வென் ஹவல்ஸ். "கண்டுக்காதீங்க. நானே கண்டுக்கறதில்ல."

பெப் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டான். தெக்வெனிடம் துப்பறியும் வேலைக்குச் சேர்ந்த ஆறு வருடத்தில் அவளிடமிருந்து அவனுக்குக் கிடைத்த பாராட்டெல்லாம் அந்த வகைதான்.

அவர்களை அங்கே வரவழைத்தது ஒரு தபால் அட்டை.

பியூக் லாஸ், அதாவது நீலப்பசு, மொத்தம் மூன்று இசைத்தட்டுகள் போட்ட குழு. ஹார்ப், மின்கிட்டார், ஓடுகிற பால்கறக்கும் இயந்திரம் மூன்றையும் சேர்த்து வாசித்தவர்கள். வாங்கியவர்கள் குறைவு, ஆனால் வாங்கியவர்கள் மதம் மாறியவர்களைப் போல ஆகிவிட்டார்கள். பாட்டெழுதிப் பாடிய கெதின் மொயல்வினின் சட்டையும் செருப்பும் எட்டு வருடத்துக்கு முன்னால் மூன்ட் கடற்கரையில் மடித்து வைத்தபடி கிடைத்தன. உடல் கிடைக்கவில்லை. போன வருடம் நீதிமன்றம் அவனை இறந்தவனாக அறிவித்தது. உடனே ப்ரோபர்ட் தொகுப்பு வேலையில் இறங்கினார். நாற்பத்தொரு ரசிகர்களின் கட்டுரைகள், பின்னட்டைக்குள் வெளிவராத பாட்டுகள் அடங்கிய ஒரு தட்டு. நாளை மறுநாள், சனிக்கிழமை, கார்டிகனில் வெளியீடு.

கெதினின் அக்கா எலுனெட்தான் அந்த அட்டையைக் கொண்டுவந்தவள். எட்டு வருடமாக, செப்டம்பரில் அம்மாவின் பிறந்த நாளன்று, ஒரு படஅட்டை தபாலில் வரும். முகவரி உண்டு, செய்தி ஒரு வரிகூட இருக்காது. கோணல் புத்தி ரசிகன் எவனோ விளையாடுகிறான் என்று அவள் அடுப்பில் போட்டுவிடுவாள். இந்த வருடமும் வந்தது. ஆனால் இந்த வருடம் பிறந்த நாள் கொண்டாட அம்மா இல்லை. ஜனவரியில் பக்கவாதம் தாக்கிப் பேச்சு நின்று, ஆகஸ்டில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

தெக்வென் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அன்றைக்கே சொல்லியிருந்தாள்: "அம்மா செத்தது ரசிகர் மன்றச் செய்தித்தாளில் முதல் பக்கத்துல வந்திருக்கு. வேல்ஸ்ல இருக்கிற அத்தனை ரசிகனும் பூ அனுப்பியிருக்கான். அப்ப இதை அனுப்பினவன் ரசிகன் இல்ல. ஆனா பிறந்த நாளை மட்டும் மறக்காதவன்."

"ரசிகனா இல்லாம நீலப்பசு மேல இவ்வளவு அக்கறையா? அப்படி யாரு பாஸ்?"

"நீலப்பசுதான். உன்னைப் பத்தி நாற்பது பேர் புத்தகம் எழுதறாங்கன்னு கேள்விப்பட்டா நீ சும்மா இருப்பியா பெப்?"

"நாலு பேர் எழுதினாலே நான் வாசல்ல போய் நின்னுடுவேன்."

"அவனும் நின்னிருப்பான். புத்தகத்துக்கு யார் யார் எழுதினாங்கன்னு பார்ப்போம்."

இப்போது அதைத்தான் அவள் கேட்டாள். புத்தகத்தில் வந்தவை வேண்டாம், வராதவை வேண்டும்.

ப்ரோபர்ட் ஒரு பிஸ்கட் டப்பாவைத் தள்ளினார். வந்த வரிசைப்படி ஒவ்வொரு கட்டுரையின் தலையிலும் சிவப்பு மையில் எண். பெப் ஒவ்வொன்றாகப் புரட்டினான். முக்கால்வாசிப் பேர் ஒரே பாட்டைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள். 'மூன்ட் கடலிலிருந்து சூரியன் எழுந்தான்' என்று தொடங்கும் பாட்டு. மூன்ட் மேற்குக் கரை. அங்கே கடலில் சூரியன் மறையும், எழாது. அந்த ஒரு வரியில் மரணம், மறுபிறவி, வெல்ஷ் மொழியின் உயிர்த்தெழுதல் எல்லாவற்றையும் ரசிகர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். ப்ரோபர்ட்டின் முன்னுரையே முப்பது பக்கம், அந்த வரியைப் பற்றியே.

"பதினேழைக் காணோமே சார்."

"எழுதினவரே திருப்பிக் கேட்டார். அனுப்பிட்டேன்."

"தேடித் தேடித் தொண்டை வறண்டுபோச்சு," என்றான் பெப், தெக்வென் தன் காதுத் தொங்கலைத் தொட்டதைப் பார்த்துவிட்டு. அது அவர்களுக்குள் இருந்த சைகை. "ஒரு டீ கிடைக்குமா?"

சமையலறையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டதுமே தெக்வென் மேசையடியிலிருந்த பச்சைக் கோப்பைத் திறந்தாள். ப்ரோபர்ட் கம்ப்யூட்டரைத் தொடாத மனிதர். தட்டச்சு செய்த ஒவ்வொரு கடிதத்துக்கும் கார்பன் நகல் எடுத்து வைப்பார். கட்டுரையை ஒழித்துக்கட்டியவருக்கு நகலைக் கிழிக்க மனம் வந்திருக்கவில்லை. மேலோட்டமாக ஏழெட்டுக் கடிதங்களைப் படித்து, ஒன்றை எடுத்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

"கிளம்பு."

"பாஸ், வெண்ணெய் தடவின பாரா ப்ரித் பழரொட்டி வருது. வாசனை இங்கேயே அடிக்குது."

"கிளம்பு பெப்."

கார் டைவி ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் அவள் நகலை அவன் மடியில் போட்டாள். அவன் உரக்கப் படித்தான்.

'தாமஸ் ஹில், உன் கட்டுரை (எண் 17) கிடைத்தது. மூன்ட் பாட்டைப் பற்றி நீ எழுதியிருப்பது அற்பமானது. நீலப்பசுவை நீ புரிந்துகொள்ளவே இல்லை. இந்தத் தொகுப்பில் உனக்கு இடமில்லை. இனி எழுதாதே. மார்ச் 11.' முகவரி ஹெரிஃபர்ட் பக்கம், ஆப்பிள் மது செய்யும் ஒரு சைடர் ஆலைக்குள் நிற்கும் கேரவன் வண்டிவீடு.

"எல்லை தாண்டி இங்கிலாந்துல இருக்கிறவனுக்கு வெல்ஷ்ல திட்டு," என்றான் பெப். "பரவாயில்ல, மொழி வளரட்டும்."

"மத்தவங்களை எப்படித் திட்டியிருக்கார், பார்த்தியா?"

கோப்பை அவள் புரட்டியபோது அவனும் கூடவே எட்டிப் பார்த்திருந்தான். பாங்கர் ஊர் மாட்டு டாக்டருக்கு: 'தாங்கள் இசைத்தட்டைத் தலைகீழாகச் சுழலவிட்டுக் கேட்டீர்களோ என்று ஐயுறுகிறேன்.' பதினான்கு வயதுப் பள்ளிப் பெண் ஒருத்திக்கு: 'நீங்கள் வளர்ந்தபின் மீண்டும் முயலுங்கள்.'

"பள்ளிக்கூடப் பெண்ணுக்கே 'நீங்கள்' போடற மனுஷன்," என்றாள் தெக்வென். "இந்த ஒருத்தனுக்கு மட்டும் 'நீ'."

"கோபம் வந்தா எனக்கும் மரியாதை பறந்துடும்."

"டாக்டர் மேல இதைவிடக் கோபம். அங்கே 'தாங்கள்'. முப்பது வருஷம் வாத்தியாரா இருந்தவர் யாரை யோசிக்காம 'நீ'ன்னு எழுதுவார்?"

பெப்பின் வாயில் ஒரு நகைச்சுவை தயாராக இருந்தது. அதைச் சொல்லாமல் விழுங்கினான். "தன்கிட்ட படிச்ச பையனை."

"கெதின் அந்தப் பள்ளிக்கூடத்துலதான் படிச்சான். எலுனெட் சொன்னா."

"அப்ப ப்ரோபர்ட்டுக்குத் தெரியும். அவன் உயிரோட இருக்கிறது தெரியும்."

"மார்ச் மாசமே தெரியும்."

பெப் நகலை மடித்தான். மார்ச்சில் அந்தக் கிழவி உயிரோடு இருந்தாள். பேச்சுதான் இல்லை; கண் தெரிந்தது, காது கேட்டது. ஹெரிஃபர்ட் வரைக்கும் நகலைக் கையிலேயே வைத்திருந்தான்.

ஆப்பிள் பருவம். ஆலை முற்றத்தில் மலை மலையாகப் பழம் குவிந்து, புளித்த வாடை வீசியது. ரப்பர் பூட்ஸ் போட்ட, தலையை மழித்த, தொந்தி வைத்த ஒரு மனிதன் குழாயால் பழங்களைக் கழுவிக்கொண்டிருந்தான். ப்ரோபர்ட்டின் சுவரில் தொங்கிய இளைஞனைப் போல இரண்டு பேரை இவனுக்குள் அடைக்கலாம் என்று பெப் நினைத்தான்.

தெக்வென் வெல்ஷில் வணக்கம் சொன்னாள். "புரியல" என்று இங்கிலீஷில் பதில் வந்தது. முகத்தில் எந்தச் சலனமும் இல்லை. எட்டு வருடப் பழக்கம்.

அவளும் இங்கிலீஷுக்கு மாறினாள். "வழி தவறிட்டோம். நாங்க மேற்கே போகணும். மேற்கு எந்தப் பக்கம்?"

மணி ஆறு. கொட்டகைக் கூரைக்கு மேலே சூரியன் சிவந்து இறங்கிக்கொண்டிருந்தது. அந்த மனிதன் ஒரு கணம் யோசித்தான். பிறகு சூரியனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, நேர் எதிர்ப்பக்கம் கையை நீட்டினான்.

பெப்புக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முப்பது பக்க முன்னுரை, மறுபிறவி, மொழியின் உயிர்த்தெழுதல். இந்த ஆளுக்குத் திசை தெரியாது, அவ்வளவுதான்.

"கெதின்," என்றாள் தெக்வென். "எலுனெட் அனுப்பினா."

குழாய் அவன் கையில் ஓடிக்கொண்டே இருந்தது. பூட்ஸ் நனைந்தது. "அந்த அட்டைங்களாலயா கண்டுபிடிச்சீங்க?" என்று வெல்ஷில் கேட்டான். எட்டு வருடமாகப் பேசாத மொழி, குரல் துருப்பிடித்திருந்தது.

பழப்பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்கள். சாகத்தான் போனேன் என்றான், பாதி நாள் எதற்காக அழுகிறோம் என்றே தெரியாத அந்தக் காலத்தில். இடுப்பளவு தண்ணீரில் குளிர் தாங்காமல் திரும்பி வந்துவிட்டேன். திரும்பி வந்ததை யாரிடமும் சொல்ல வெட்கமாக இருந்தது. நடந்தேன். நடந்து நடந்து இங்கே வந்துவிட்டேன்.

"பல் டாக்டர்கிட்ட உட்கார்ந்திருந்தப்ப ஒரு பத்திரிகையில அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். நீலப்பசு ரசிகர்களே, எழுதுங்கன்னு. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. நிறைய வருஷம் கழிச்சு வந்த சிரிப்பு. அந்த மூன்ட் வரி தப்புன்னு எழுதினேன். எழுதினவனுக்குப் பள்ளிக்கூடத்துலயே திசை தெரியாது, ப்ரோபர்ட் சார் அதுக்காகப் பெஞ்சு மேல நிக்க வெச்சார்னு எழுதினேன். சார் படிப்பார், சிரிப்பார், கண்டுபிடிச்சுடுவார், வீட்டுல மெதுவா சொல்லுவார்னு நினைச்சேன். நேரா போய்க் கதவைத் தட்ட எனக்குத் தைரியம் இல்ல."

"கண்டுபிடிச்சார்."

"ஆமா. ரெண்டு கடிதம் வந்துச்சு, ஒரே உறையில."

பெப் நிமிர்ந்தான். கோப்பில் ஒன்றின் நகல்தான் இருந்தது. கெதின் வண்டிவீட்டுக்குள் போய் இரண்டாவதைக் கொண்டுவந்தான். கையெழுத்துக் கடிதம், அதற்கு நகல் கிடையாது.

'கெதின், முதல் பத்தியிலேயே நீ யாரென்று தெரிந்துவிட்டது. உன் அம்மாவிடம் போய்ப் பேசினேன். செத்த மகனுக்கு அழுது முடித்துவிட்டேன், ஓடிப்போன மகனுக்கு அழ எனக்குத் தெம்பில்லை, அவன் வரவேண்டாம் என்று சொன்னார். அதுதான் நியாயம். உயிரோடு இருந்தபோது நீ ஒரு சுமாரான பாடகன். செத்ததால்தான் உன் பாட்டுக்கு அர்த்தம் வந்தது. அதையும் கெடுத்துக்கொள்ளாதே.'

"அம்மா அப்படிப் பேசறவங்கதான்," என்றான் கெதின். "வெடுக்குனு. அதனால நம்பினேன்."

தெக்வென் கடிதத்தை மடித்தாள். பெப் தரையைப் பார்த்தான். சில வேலைகளை முதலாளிதான் செய்ய வேண்டும் என்று அவனுக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி அவனுக்கே அசிங்கமாகவும் இருந்தது.

"உங்க அம்மாவுக்கு ஜனவரியில பக்கவாதம்," என்றாள் அவள். "அதுக்கப்புறம் ஒரு வார்த்தை பேசல. மார்ச்சுல யார்கிட்டயும் எதுவும் சொல்லியிருக்க முடியாது."

அவன் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம். அதைப் பார்க்கத்தான் பெப்பால் முடியவில்லை. "அப்ப என்னை வரவேண்டாம்னு சொல்லல."

"சொல்லல."

"இப்ப எப்படி இருக்காங்க?"

"ஆகஸ்டுல போயிட்டாங்க, கெதின்."

அவன் எழுந்து குழாயைத் திறந்தான். ஏற்கெனவே கழுவிய பழங்களை மறுபடி கழுவினான். அந்தக் குவியல் முடிந்து அடுத்ததுக்குப் போனான். யாரும் அவனை நிறுத்தவில்லை. இருட்டத் தொடங்கியபோது, "அக்காகிட்ட நீங்க சொல்லாதீங்க. சனிக்கிழமை நானே வந்து சொல்றேன்," என்றான்.

திரும்பும் வழியில் பெப் சொன்னான்: "ரெண்டு நாள் அவளுக்குத் தெரியாம வெச்சிருக்கிறது கொடுமை பாஸ்."

"தெரியும்."

"அப்புறம் ஏன்?"

"இப்ப நாம போய்ச் சொன்னா அவன் மறுபடி நடக்க ஆரம்பிச்சுடுவான். இந்தத் தடவை அட்டைகூட வராது."

சனிக்கிழமை மதியம் கார்டிகன் சேப்பலின் பின்மண்டபத்தில் நூறு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பலர் தலையில் கம்பளித் தொப்பி, சிலர் கன்னத்தில் நீலச் சாயம். மேடையில் ப்ரோபர்ட்; பக்கத்தில், முதல் பிரதி வாங்கக் கறுப்பு உடையில் எலுனெட். கெதின் தெக்வெனுக்கும் பெப்புக்கும் நடுவில் கடைசி வரிசையில் இருந்தான். கன்னத்தில் நீலம் பூசிய ஒருவன் அவன் காலை மிதித்துவிட்டு, சுவரில் மாட்டியிருந்த கெதினின் படத்தைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனான்.

ப்ரோபர்ட் மூன்ட் பாட்டுக்கு வந்தார். மேற்கில் எழும் சூரியன், மரணத்தை வென்ற கவிஞன், முன்னறிவிப்பு. கெதின் எழுந்து நின்றான்.

"சார், அது தப்பா எழுதினது. எனக்குத் திசை தெரியாது."

தலைகள் திரும்பின. ப்ரோபர்ட் கையிலிருந்த தாளை மேசையில் வைத்தார். "யாரோ நண்பர் குடித்துவிட்டு வந்திருக்கிறார்."

"உட்காருய்யா," என்றாள் முன்வரிசையில் ஒரு பெண். "உனக்கெல்லாம் நீலப்பசு புரியாது."

மண்டபம் சிரித்தது. கெதின் பாட்டின் முதல் வரியை மெதுவாகப் பாடினான். கரகரத்த, மூச்சு வாங்கும் குரல். "இமிடேஷன்கூடச் சரியா வரல," என்று யாரோ சொல்ல, மறுபடி சிரிப்பு. இரண்டு பேர் அவனை வெளியேற்ற எழுந்தார்கள். பெப் தன் நாற்காலியை அவர்கள் காலுக்குக் குறுக்கே தள்ளினான்.

எலுனெட் மட்டும் சிரிக்கவில்லை. மேடைப் படிகளில் இறங்கினாள். நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வந்து, அவன் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு அறைந்தாள். மண்டபம் முழுக்கக் கேட்ட அறை.

"எட்டு வருஷம்," என்றாள். "வெத்து அட்டை."

கெதின் கன்னத்தைத் தொடவில்லை. தெக்வென் எழுந்து அந்தக் கையெழுத்துக் கடிதத்தை எலுனெட்டிடம் நீட்டினாள். "இதையும் படிச்சுடுங்க. பாதி அடி மிச்சம் இருந்தா அது யாருக்குப் போகணும்னு தெரியும்."

எலுனெட் நின்றபடியே படித்தாள். மேடைக்குத் திரும்பிப் போனாள். முதல் பிரதியை வாங்கிக்கொண்டு பேசுவதற்காக வைத்திருந்த மைக்கில், அந்தக் கடிதத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை, ஒரே குரலில், ப்ரோபர்ட்டின் பக்கத்தில் நின்றுகொண்டே வாசித்தாள். 'அவன் வரவேண்டாம் என்று சொன்னார்' என்ற இடத்தில் நிறுத்தி, "எங்கம்மாவுக்கு ஜனவரியிலேருந்து தண்ணி வேணும்னு சொல்லக்கூட வாய் வரல," என்று சேர்த்தாள். பிறகு மிச்சத்தையும் வாசித்தாள்.

முன்வரிசையில் ஒருவன் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினான்.

"இந்தப் புத்தகத்துக்காகத்தான்," என்றார் ப்ரோபர்ட். அவர் எலுனெட்டைப் பார்க்கவில்லை, கெதினையும் பார்க்கவில்லை. அடுக்கி வைத்த பிரதிகளைப் பார்த்துச் சொன்னார். "ஒரு வருஷ உழைப்பு. இவன் வந்திருந்தா எல்லாம் வெறும் எழுத்துப் பிழை ஆகியிருக்கும்."

யாராவது அவர்மேல் பாய்வார்கள் என்று பெப் எதிர்பார்த்தான். யாரும் பாயவில்லை. சற்று முன்பு 'உட்காருய்யா' என்ற அதே பெண் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினாள்.

"அந்தக் கடிதத்தோட அசல்," என்றாள், "அதை ரெண்டாம் பதிப்புல சேர்க்க முடியுமா?"

இரண்டு மூன்று தொப்பிகள் ஆமோதித்து ஆடின. சிலர் அதற்குள் பிரதி வாங்க வரிசையில் நின்றுவிட்டார்கள். ஒருவன் கெதினிடம் வந்து பேனாவை நீட்டினான்; பெப் அதை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு, "நன்றி, எனக்கு வேணும்," என்றான்.

வெளியே மழை விட்டிருந்தது. எலுனெட் காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். கெதின் பத்தடி தள்ளி, பக்கத்தில் வரலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றான்.

"உன் அறையில இப்ப தையல் மெஷின் இருக்கு," என்றாள். "சோபாவுலதான் படுக்கணும்."

"சரி."

"நாளைக்குக் காலையில கல்லறைக்குப் போறோம். நீ அங்கே வந்து எதுவும் பாடக் கூடாது."

"சரி."

"நான் உன்னை மன்னிக்கல கெதின். மன்னிப்பேனான்னும் தெரியல."

அவன் தலையசைத்தான்.

"ஏறு," என்றாள்.